சின்னக் கோடு, பெரிய ஓட்டை

எங்கோ தூரத்தில் இருக்கும் ஒரு சர்வருக்குள் நுழைய நாம் ஒரு வரி தட்டுகிறோம். அந்த வரியில் ஆபத்தான இடம் எது என்று கேட்டால் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் "பாஸ்வேர்டு" என்பார்கள். நான் அதை இரண்டாவது இடத்தில்தான் வைப்பேன். முதல் இடம் அந்தச் சின்னக் கோட்டுக்கு. ஆமாம், ஆப்ஷன்களுக்கு முன்னால் போடுகிறோமே, அந்த மைனஸ் குறிதான்.

"பி.காம். படிக்கிற உனக்கு டெர்மினலில் என்ன வேலை?" என்று வகுப்பு நண்பர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் படித்துக்கொண்டே போனால் இது கம்ப்யூட்டர் சயன்ஸ் விஷயத்தைவிட ஆடிட்டிங் விஷயமாகத்தான் எனக்குத் தெரிகிறது. யார் சொன்னதை யார் நம்பலாம், எந்தக் காகிதத்தில் யார் எழுதலாம், எழுதிய பிறகு இன்னொருவர் சேர்த்து எழுதாமல் எப்படித் தடுப்பது... எல்லாம் நம்ம பாடம்தானே!

ஒரு சின்ன விளக்கம். கட்டளைகளையும் இங்கே தமிழ் எழுத்தில்தான் எழுதுகிறேன். "-எஃப்" என்று பார்த்தால் ஒரு கோடும் அதை ஒட்டிச் சின்ன ஆங்கில எஃப் எழுத்தும் என்று படித்துக்கொள்ளுங்கள். பெரிய எழுத்தாக இருந்தால் அதைச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் கொஞ்சம் பழங்கதை

தூரத்துக் கம்ப்யூட்டரில் லாகின் செய்யும் புரோகிராம்களில் மூத்தது டெல்நெட். அடுத்து 1983-ல் 4.2 பிஎஸ்டி யூனிக்ஸோடு ஆர்லாகின் வந்தது. இரண்டிலும் எல்லாம் வெளிப்படையாகப் போகும். நடுவில் கம்பியில் காது வைத்தவனுக்கு உங்கள் பாஸ்வேர்டு அப்படியே கேட்கும். 1995-ல் பின்லாந்தின் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் அப்படி யாரோ பாஸ்வேர்டுகளைத் திருடினார்கள். அதைப் பார்த்து அங்கே இருந்த தாது யுலோனன் எழுதியதுதான் எஸ்.எஸ்.எச். டெல்நெட்டின் வாசல் 23, எஃப்டிபியின் வாசல் 21. நடுவில் காலியாக இருந்த 22-ஐக் கேட்டு வாங்கிக்கொண்டார். 1999-ல் ஓப்பன்பிஎஸ்டிக்காரர்கள் ஓப்பன் எஸ்.எஸ்.எச்.-ஐக் கொண்டுவந்தார்கள். இன்று லினக்ஸ், மேக், விண்டோஸ் மூன்றிலும் நாம் சாதாரணமாகத் தட்டுவது அதைத்தான்.

ஆர்லாகின் போய்விட்டாலும் அதன் பழக்கங்கள் போகவில்லை. "-எல்" என்று போட்டுப் பயனர் பெயரைச் சொல்லும் வழக்கம் ஆர்லாகினில் இருந்தது. எஸ்.எஸ்.எச். அதை அப்படியே வாங்கிக்கொண்டது. பழைய ஆட்கள் விரல் பழக்கத்தை மாற்றாமல் புதியதற்கு வரட்டும் என்ற எண்ணம். நல்ல எண்ணம்தான்.

ஆனால் இந்த எழுத்துகளுக்குள் ஓர் ஒழுங்கு இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். ஓப்பன் எஸ்.எஸ்.எச்.-ல் சின்ன "-ஏ" போட்டால் ஏஜென்ட்டைக் கடத்தாதே என்று பொருள். பெரிய ஏ போட்டால் கடத்து. சின்ன "-எக்ஸ்" போட்டால் எக்ஸ்11 சன்னல்கள் வேண்டாம், பெரிய எக்ஸ் போட்டால் வேண்டும். ஓஹோ, சின்னது தடை, பெரியது அனுமதி என்று மனப்பாடம் செய்துகொண்டு "-டி"க்கு வாருங்கள். அங்கே சின்ன டி "டெர்மினல் கட்டாயம் கொடு", பெரிய டி "டெர்மினல் வேண்டாம்". தலைகீழ்! வாசல் எண்ணைச் சொல்ல எஸ்.எஸ்.எச்.-ல் சின்ன "-பி". கோப்பு நகலெடுக்கும் எஸ்.சி.பி.-யில் அதற்குப் பெரிய பி. அங்கே சின்ன பி போட்டால் கோப்பின் தேதி நேரங்களை அப்படியே வைத்துக்கொள் என்று பொருள். புட்டி குடும்பத்தின் பிளிங்க்கில் வாசல் எண்ணுக்குப் பெரிய பி.

இதெல்லாம் மறந்துபோனால் ஒரு பிழைச் செய்தி வரும், திரும்பத் தட்டலாம். உயிர் போகாது. உயிர் போகும் இடம் வேறு.

"-எஃப்" என்கிற எழுத்தின் கதை

யூனிக்ஸில் லாகின் என்று ஒரு தனிப் புரோகிராம் இருக்கிறது. வாசலில் நிற்கும் காவலாளி மாதிரி. டெல்நெட் சர்வரோ ஆர்லாகின் சர்வரோ வெளியிலிருந்து வந்தவரைக் கூட்டிவந்து இந்தக் காவலாளியிடம் ஒப்படைக்கும். "இவர் பெயர் முருகன் என்கிறார், பார்த்து அனுப்பு" என்று பெயரைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். பாஸ்வேர்டு கேட்பது காவலாளியின் வேலை.

காவலாளிக்கு ஒரு ரகசியக் குறிப்பும் உண்டு. அதுதான் "-எஃப்". "இவரை நாங்கள் ஏற்கெனவே சோதித்துவிட்டோம், திரும்ப பாஸ்வேர்டு கேட்காதே, உள்ளே விடு" என்பது அதன் பொருள். கெர்பரோஸ் போன்ற வேறு முறையில் அடையாளம் சரிபார்த்தவரை மறுபடியும் தொல்லை செய்ய வேண்டாம் என்பதற்காக வைத்தது. யார் வேண்டுமானாலும் இதைச் சொல்ல முடியாது. ரூட் அதிகாரத்தோடு ஓடும் புரோகிராம் சொன்னால்தான் காவலாளி ஏற்பார். டெல்நெட் சர்வர் ரூட் அதிகாரத்தோடுதான் ஓடுகிறது. அதனால் அது சொன்னால் மறுபேச்சு கிடையாது.

இப்போது பாருங்கள் வேடிக்கையை. பெயர் கேட்டதற்கு வெளியிலிருந்து வந்தவர் "முருகன்" என்று சொல்லாமல், "-எஃப் ரூட்" என்று சொல்கிறார். "என் பெயரே அதுதாங்க" என்கிறார். டெல்நெட் சர்வர் யோசிக்காமல் அந்தப் பெயரை லாகினுக்குப் போகும் வரியில் அப்படியே எழுதிக் கொடுக்கிறது. காவலாளி வரியைப் படிக்கிறார். கோட்டோடு ஆரம்பிக்கிறதா, அப்படியானால் இது பெயர் இல்லை, உத்தரவு! சொன்னது யார்? ரூட் அதிகாரம் உள்ள சர்வர். சரி, உள்ளே போங்க சாமி.

பாஸ்வேர்டே இல்லாமல் முழு மெஷினும் கையில்.

யாரும் பூட்டை உடைக்கவில்லை, கணக்குப் போட்டு எதையும் கண்டுபிடிக்கவும் இல்லை. பெயர் எழுதும் இடத்தில் உத்தரவை எழுதிக் கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

இது கற்பனை இல்லை. 1994 மே மாதம் இதைப் பற்றி அமெரிக்காவின் செர்ட் அமைப்பு எச்சரிக்கை வெளியிட்டது. ஐபிஎம்மின் ஏஐஎக்ஸும் அப்போதைய லினக்ஸும் மாட்டின. ஆர்லாகினின் "-எல்" ஆப்ஷனுக்குப் பிறகு "-எஃப்ரூட்" என்று சேர்த்து எழுதினால் போதுமாக இருந்தது. சரிசெய்தார்கள். பாடம் முடிந்தது என்று எல்லோரும் நினைத்தார்கள்.

2007 பிப்ரவரி. சன் நிறுவனத்தின் சோலாரிஸ் 10. இந்த முறை டெல்நெட் சர்வரில். அதே "-எல்", அதே "-எஃப்", அதே கதை. பதின்மூன்று வருஷம் கழித்து! ரூட் நேரடியாக வர முடியாதபடி அமைத்திருந்த இடங்களில்கூட வேறு உள்கணக்குகளின் பெயரைச் சொல்லி நுழைய முடிந்தது. சன் சில நாட்களில் திருத்தம் கொடுத்தது. ஆனாலும் அந்த மாதம் முடிவதற்குள் இந்த ஓட்டை வழியாகவே தானாகப் பரவும் ஒரு புழு கிளம்பிவிட்டது.

சரி, இரண்டு முறை சூடு கண்டாயிற்று, இனி இருக்காது என்கிறீர்களா? 2026 ஜனவரிக்கு வாருங்கள். குனு இனெட்யூட்டில்ஸ் தொகுப்பில் இருக்கும் டெல்நெட் சர்வர். சிவிஇ-2026-24061 என்று எண் கொடுத்தார்கள். டெல்நெட் கிளையன்ட்டில் சின்ன "-ஏ" போட்டால், உங்கள் சூழல் மாறிகளில் இருக்கும் பயனர் பெயரைத் தானாகவே சர்வருக்கு அனுப்பும். அந்த மாறியில் பெயருக்குப் பதில் "-எஃப் ரூட்" இருந்தால் என்ன ஆகும்? அதேதான் ஆனது. நிரலில் இந்தக் கோளாறு நுழைந்தது 2015-ல். ஏறக்குறைய பதினொரு வருஷம் யார் கண்ணிலும் படாமல் கிடந்திருக்கிறது. குனுவின் நிரலை யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம் என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள்.

1994, 2007, 2026. மூன்று வெவ்வேறு குழுக்கள் மூன்று வெவ்வேறு நிரல்களை எழுதின. ஓட்டை மட்டும் ஒன்றே.

"டெல்நெட்டை எவன் பயன்படுத்துகிறான்?"

இப்படி ஒரு கேள்வி வரும் என்று தெரியும். டெல்நெட் செத்துப்போன விஷயம், எஸ்.எஸ்.எச். வந்த பிறகு கவலை எதற்கு என்பது அதன் உட்பொருள்.

முதலில், டெல்நெட் முழுசாகச் சாகவில்லை. பழைய ரவுட்டர்களிலும் சின்னச் சின்னக் கருவிகளிலும் இன்னமும் உயிரோடு இருக்கிறது. ஆனால் என் பதில் அதுவல்ல. டெல்நெட்டின் பாவம் அது எல்லாவற்றையும் வெளிப்படையாக அனுப்புவது. "-எஃப்" ஓட்டைக்கு அது காரணமே இல்லை. கம்பியில் போவதை எவ்வளவு பலமாகப் பூட்டினாலும், பெயரையும் உத்தரவையும் ஒரே வரியில் வைத்துவிட்டு கோட்டைப் பார்த்துப் பிரித்துக்கொள்ளும் வரை இந்த ஆபத்து இருக்கும்.

சாட்சி வேண்டுமா? 2017 ஆகஸ்ட். இந்த முறை நடுவில் இருந்தது எஸ்.எஸ்.எச். கிட் என்கிற மென்பொருள், ஒரு முகவரியைக் கொடுத்தால் அதிலிருக்கும் சர்வர் பெயரை எடுத்து எஸ்.எஸ்.எச்.-க்குக் கொடுத்து இணைக்கச் சொல்லும். எஸ்.எஸ்.எச்.-ல் "-ஓ" என்று ஓர் ஆப்ஷன். அமைப்புக் கோப்பில் எழுதக்கூடிய எதையும் அதற்குப் பின்னால் எழுதலாம். அதில் ஒன்று பிராக்ஸிகமாண்ட். சர்வரோடு இணைவதற்கு முன் உங்கள் கம்ப்யூட்டரில் இந்தக் கட்டளையை ஓட்டு என்று சொல்வது அது. சர்வர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் "-ஓபிராக்ஸிகமாண்ட்" என்று ஆரம்பிக்கும் முகவரியை ஒருவன் தயாரித்து வைத்தால்? நீங்கள் அவனுடைய நிரலைத் துணைத் தொகுப்புகளோடு சேர்த்து இறக்கினாலே போதும், அவன் எழுதிய கட்டளை உங்கள் மெஷினில் ஓடும். கிட் மட்டும் இல்லை, மெர்க்குரியல், சப்வெர்ஷன் என்று அதே வேலையைச் செய்யும் மற்ற இரண்டும் அதே சமயத்தில் மாட்டின. கோட்டில் ஆரம்பிக்கும் சர்வர் பெயர்களை இனி ஏற்க மாட்டேன் என்று கிட் திருத்திக்கொண்டது.

நூறு சதவீதம் மறைகுறியாக்கம் செய்யப்பட்ட எஸ்.எஸ்.எச். அங்கே என்ன செய்தது? தனக்கு வந்த வரியை நேர்மையாகப் படித்தது. அதைக் குறை சொல்ல முடியாது.

ஐந்நூறு மட்டும்

நம்ம பாடத்துக்கு வருகிறேன். செக்கில் தொகையை எழுத்தால் எழுதும்போது கடைசியில் "மட்டும்" என்று போடுகிறோம். ஏன்? "ஐந்நூறு" என்று எழுதி விட்டுவைத்தால் பின்னால் யாராவது தங்கள் வசதிக்கு ஏதாவது சேர்க்கலாம். எண்ணால் எழுதும்போது 500 என்று நிறுத்தாமல் 500/- என்று ஒரு கோடு இழுக்கிறோம். பலசரக்குக் கடை பில்லில்கூட அந்தக் கோடு இருக்கும். "இதோடு முடிந்தது, இதற்குப் பின்னால் இருப்பது என் கையெழுத்து இல்லை" என்று சொல்லும் கோடு அது.

செக்கின் மூலையில் குறுக்காக இரண்டு இணைகோடுகள் இழுத்தால், அதுவே கிராஸிங். 1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம், பிரிவு 123. ஓர் எழுத்துகூட எழுத வேண்டாம், வெறும் இரண்டு கோடு. கவுண்டரில் நேராகப் பணமாக மாறக்கூடிய காகிதம், அதற்குப் பிறகு வங்கிக் கணக்கு வழியாக மட்டுமே மாறும்.

கட்டளை வரியிலும் இதற்கு நிகராக ஒன்று இருக்கிறது என்பதுதான் எனக்கு ஆச்சரியம். அதுவும் இரண்டு கோடுதான்! "--" என்று தனியாக இரண்டு மைனஸ். "ஆப்ஷன்கள் இதோடு முடிந்தன, இதற்குப் பின்னால் எது வந்தாலும், கோட்டில் ஆரம்பித்தாலும், அது வெறும் பெயர்தான், உத்தரவு இல்லை" என்று அதற்குப் பொருள். போசிக்ஸ் தரநிலையிலேயே இந்த விதி இருக்கிறது. மேலே சொன்ன டெல்நெட் சர்வர்கள் லாகினைக் கூப்பிடும்போது பெயருக்கு முன்னால் இந்த இரண்டு கோட்டைப் போட்டிருந்தாலோ, அல்லது கோட்டில் ஆரம்பிக்கும் பெயரை வாசலிலேயே மறுத்திருந்தாலோ, இந்தக் கதைகள் எதுவும் நடந்திருக்காது.

நம் தாத்தாக்கள் செக் எழுதும்போது தவறாமல் போட்ட கோட்டை, பெரிய பெரிய மென்பொருள்காரர்கள் மூன்று முறை போட மறந்திருக்கிறார்கள். அவர்களுக்குத் திறமை இல்லை என்று நான் சொல்லவில்லை. காரணம் வேறு என்று நினைக்கிறேன். செக் எழுதுகிறவர் அந்தக் காகிதத்தை அந்நியர் கையில் கொடுக்கப்போகிறோம் என்று தெரிந்தே எழுதுகிறார். புரோகிராம் எழுதுகிறவர், என் சர்வர், என் லாகின், இரண்டும் நம்ம வீட்டுப் பிள்ளைகள் என்று நினைத்து எழுதுகிறார். நடுவில் போகும் பெயர் அந்நியர் கொடுத்தது என்பது மறந்துபோகிறது. ஆடிட்டிங்கில் இன்டர்னல் செக் என்று படிக்கிறோமே, ஒருவர் செய்ததை அடுத்த மேசைக்காரர் தன் வேலையின் போக்கிலேயே சரிபார்க்க வேண்டும் என்று? "முந்தின மேசையில் பார்த்திருப்பார்கள்" என்று அடுத்த மேசை நினைத்தால் அந்த ஏற்பாடே வீண். "-எஃப்" என்பது அந்த நினைப்புக்கே ஓர் எழுத்து கொடுத்தது மாதிரி.

நாம் தினமும் தட்டுகிற வரிகள்

அது புரோகிராமர்கள் பாடு, நமக்கென்ன என்று விட்டுவிட முடியாது. நாம் கையால் தட்டும் ஆப்ஷன்களிலும் இதே மாதிரி "கேட்காதே, விடு" ரகம் நிறைய இருக்கிறது. மூன்றை மட்டும் சொல்கிறேன்.

ஒன்று, பாஸ்வேர்டை வரியிலேயே எழுதுவது. பிளிங்க்கில் "-பிடபிள்யூ" என்று போட்டு அடுத்து பாஸ்வேர்டைத் தரலாம். எனக்குத் தெரிந்த ஓர் அலுவலகத்தில் பில்லிங் கம்ப்யூட்டரின் டெஸ்க்டாப்பில் ஒரு பேட்ச் கோப்பு இருந்தது. இரட்டை கிளிக் செய்தால் அன்றைய கணக்கு சர்வருக்குப் போய்விடும். நோட்பேடில் திறந்தால் சர்வரின் பாஸ்வேர்டு பளிச்சென்று தெரியும். அது ஓடிக்கொண்டிருக்கும்போது டாஸ்க் மேனேஜரில் கமாண்ட் லைன் என்ற பத்தியைத் திறந்தாலும் தெரியும். ஒருவர் வேலையை விட்டுப் போனபோது பாஸ்வேர்டை மாற்றலாமா என்று பேச்சு வந்தது. எத்தனை பேட்ச் கோப்புகளில் அது எழுதியிருக்கிறது என்று யாருக்கும் தெரியாததால் மாற்றவில்லை! இரும்புப் பெட்டியின் சாவியை அதன் மேலேயே ஆணியில் தொங்கவிட்டது மாதிரி.

ஓப்பன் எஸ்.எஸ்.எச்.-ல் பாஸ்வேர்டை வரியில் கொடுக்க ஆப்ஷனே கிடையாது. தேடித் தேடிப் பார்த்து எரிச்சலானவர்கள் உண்டு. அந்த இல்லாமைதான் அதன் நல்ல குணம் என்பது என் கருத்து. சாவிக்கோப்பை "-ஐ" போட்டுக் காட்டு, பாஸ்வேர்டைக் கேட்கும்போது தட்டு என்கிறது. புட்டியிலும் பிற்பாடு பாஸ்வேர்டைக் கோப்பிலிருந்து படிக்க "-பிடபிள்யூஃபைல்" கொண்டுவந்தார்கள். கோப்புக்கு யார் யார் படிக்கலாம் என்று அனுமதி வைக்கலாம், வரிக்கு வைக்க முடியாது.

இரண்டு, சர்வரை அடையாளம் பார்க்காமல் நம்புவது. புதிய சர்வரோடு முதல் முறை இணையும்போது "இதன் கைரேகை இது, நம்பலாமா?" என்று எஸ்.எஸ்.எச். கேட்கும். இந்தக் கேள்வி சிலருக்குத் தொல்லை. ஸ்ட்ரிக்ட்ஹோஸ்ட்கீசெக்கிங்கை "-ஓ" வழியாக "நோ" என்று வைத்து வாயை அடைக்கிறார்கள். அப்படி வைத்தாலும் எஸ்.எஸ்.எச். கொஞ்சம் ரோஷக்காரன். ஏற்கெனவே தெரிந்த சர்வரின் கைரேகை மாறியிருந்தால், இணைத்துவிட்டுப் பாஸ்வேர்டு முறையை மட்டும் நிறுத்திவைக்கும், போலி சர்வரிடம் பாஸ்வேர்டு போய்விடக் கூடாது என்று. அதையும் பொறுக்காமல், தெரிந்த சர்வர்களின் பட்டியலை வெற்றுக்கோப்புக்குத் திருப்பிவிடும் இன்னொரு "-ஓ"வையும் சேர்த்துப் போடச் சொல்லும் குறிப்புகள் இணையத்தில் கொட்டிக் கிடக்கின்றன. அந்த வரியை ஒட்டுகிறவர், "எவர் வந்து நான்தான் மேனேஜர் என்றாலும் பணப்பெட்டியைக் கொடுத்துவிடு" என்று கேஷியருக்கு எழுத்தில் கொடுக்கிறார். உண்மையான மேனேஜர் வரும்வரை பிரச்சினை இல்லை.

இதற்கு நாகரிகமான வழி இருக்கிறது. 2017-ல் வந்த ஓப்பன் எஸ்.எஸ்.எச். 7.6-லிருந்து "அக்செப்ட்-நியூ" என்ற மதிப்பு உண்டு. புதியவரைக் கேட்காமல் சேர்த்துக்கொள்ளும், ஆனால் தெரிந்தவரின் கைரேகை மாறினால் கறாராக மறுக்கும். பிளிங்க்கில் "-ஹோஸ்ட்கீ" போட்டு எந்தக் கைரேகையை நம்பலாம் என்று முன்கூட்டியே சொல்லலாம்.

மூன்று, பெரிய ஏ. உங்கள் சாவியை வைத்திருக்கும் ஏஜென்ட்டை அடுத்த சர்வருக்கும் நீட்டிக்கொடுக்கும் ஆப்ஷன். அங்கிருந்து இன்னொரு சர்வருக்குத் தாவ வசதி. ஆனால் நடுவில் இருக்கும் சர்வரில் ரூட் அதிகாரம் உள்ளவர் யாராக இருந்தாலும், நீங்கள் இணைந்திருக்கும் நேரம் முழுக்க உங்கள் பெயரில் கையெழுத்துப் போடலாம். சாவியைத் திருட முடியாது, ஆனால் பயன்படுத்தலாம். நம் மொழியில் சொன்னால் பொது அதிகாரப் பத்திரம்! 2019 ஏப்ரலில் மேட்ரிக்ஸ் டாட் ஆர்க் சர்வர்களுக்குள் நுழைந்தவர், உள்ளே மேலும் மேலும் பரவ இந்த ஏஜென்ட் கடத்தலைத்தான் பயன்படுத்தினார் என்று அவர்களே விளக்கம் எழுதினார்கள். வெறுமனே தாவுவதுதான் நோக்கம் என்றால் 2016-ல் வந்த 7.3-லிருந்து பெரிய ஜே இருக்கிறது. நடு சர்வர் வழியாகப் போகும், ஆனால் கையெழுத்துப் போடும் உரிமை உங்கள் கம்ப்யூட்டரை விட்டு நகராது.

என் கட்சி

இந்த மூன்றிலும் எஸ்.எஸ்.எச். நமக்கு எதிராக எதுவும் செய்யவில்லை. நாம் சொன்னதைச் செய்கிறது. தொல்லை என்னவென்றால், நாம் சொல்வது நமக்கே தெரிவதில்லை. யாரோ 2009-ல் தன் சோதனை மெஷினுக்காக எழுதிய வரி, நகலுக்கு நகலாகி, இன்று சம்பளப் பட்டியல் இருக்கும் சர்வரின் முன்னால் நிற்கிறது. கையெழுத்து மட்டும் நம்முடையது.

படிக்காத காகிதத்தில் கையெழுத்துப் போடாதே என்று வீட்டில் சொல்லி வளர்க்கிறார்கள். படிக்காத ஆப்ஷனை ஒட்டாதே என்று யாரும் சொல்வதில்லை. அதை நான் சொல்கிறேன். ஒரு வரியை ஒட்டும் முன் அதிலுள்ள ஒவ்வொரு கோட்டுக்கும் "மேன் எஸ்.எஸ்.எச்." என்று தட்டி ஒரு பத்தி படியுங்கள். எழுத்துக்கு அரை நிமிஷம் ஆகும். அடிக்கடி தேவைப்படுவதை வரியில் எழுதாமல் உங்கள் அமைப்புக் கோப்பில் சர்வர் வாரியாக எழுதி வையுங்கள். வரியில் எழுதியதுதான் முதலில் செல்லும், அடுத்து உங்கள் கோப்பு, கடைசியில் மெஷினின் பொதுக் கோப்பு. எது கடைசியில் நின்றது என்று சந்தேகம் வந்தால், பெரிய ஜி போட்டு சர்வர் பெயரைக் கொடுங்கள். இணைக்காமலேயே எல்லா அமைப்பையும் அச்சிட்டுக் காட்டும். ட்ரையல் பேலன்ஸ் மாதிரி, பார்த்துவிட்டு அப்புறம் கணக்கை முடிக்கலாம்.

வேறொருவர் கொடுத்த பெயரை, கோப்பை, முகவரியை வைத்து ஸ்கிரிப்ட் எழுதுகிறவர்களுக்கு இன்னொன்று. அந்தப் பெயருக்கு முன்னால் இரண்டு கோடு போடுங்கள். "மட்டும்" போடாத செக்கை நம் அப்பா கொடுக்க விடுவாரா?

"இதெல்லாம் ஐ.டி. டிபார்ட்மென்ட் பார்த்துக்கொள்ளும்" என்று நம் வகுப்பில் பலர் நினைக்கிறார்கள். நாளை நாம்தான் கணக்குப் பிரிவில் உட்காரப்போகிறோம். அந்த பேட்ச் கோப்பு நம் டெஸ்க்டாப்பில்தான் இருக்கும். ஆடிட்டுக்குப் போகும்போது வவுச்சரை எல்லாம் டிக் அடித்துவிட்டு, அந்த வவுச்சர் சர்வருக்குப் போன வரியைத் திறந்துகூடப் பார்க்காமல் வருவது பாதி ஆடிட்தான். லெட்ஜரை வாசிக்கத் தெரிந்த ஆளுக்கு இந்த வரியை வாசிப்பது கஷ்டமே இல்லை. இடது பக்கம் உத்தரவு, வலது பக்கம் பெயர். நடுவில் கோடு சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அவ்வளவுதான்.

டிஸ்கி: இதைப் படித்துவிட்டு யாராவது பக்கத்து ஆபீஸ் சர்வரில் "-எஃப்" தட்டிப் பார்க்கக் கிளம்பினால், தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 43-ஐயும் 66-ஐயும் முதலில் படித்துவிட்டுக் கிளம்பவும். பிசினஸ் லா பேப்பருக்கும் உதவும் :)